நம் குப்பத்துக்கு நடுவன் வந்த கதை

முரளி,

போனில் சொல்லலாம் என்றால் நான் விஷயத்துக்கு வருவதற்குள் நீ "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று நினைக்காதே. சந்தோஷத்தில் கை நிலைகொள்ளவில்லை, அவ்வளவுதான். ஐதராபாத்தில் வேலைக்குச் சேரப் போகிறேன், படக்கதை முதல் பாகத்தோடு சரி, இரண்டாம் பாகம் வரைகிற எண்ணம் இல்லை, இதையெல்லாம் யாரும்மா படிக்கிறாங்க என்று போன வாரம் கேட்டாயே, அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில். படித்து முடித்ததும் உன் கூட்டாளிகளுக்கும் காட்டு. புத்தகத்தை அச்சடித்தவர்களுக்கும் காட்டு. ஒளிக்க ஒன்றும் இல்லை, ஊரே கூடி நின்று பார்த்த விஷயம்.

முதலில் நான் படித்த கதையைச் சொல்கிறேன். கூரியர்க்காரர் உன் புத்தகத்தைக் கொண்டுவந்தபோது நான் காரப்பொடி மீனைக் காயப்போட்டுவிட்டுக் காக்கா ஓட்டிக்கொண்டு இருந்தேன். பிரித்துப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் படம். சின்னப் பிள்ளைகள் புத்தகம், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடப் போனவள், முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். நம்ம ஏரி! இன்னும் நூறு வருஷம் கழித்து இருக்கப்போகிற நம்ம ஏரி. கடல் உள்ளே ஏறி வந்து, கரையெல்லாம் சுவர் எழும்பி, லைட்ஹவுஸ் உச்சியில் விளக்கு இருந்த இடத்தில் ஒரு கண்ணை வைத்திருந்தாய். ஏரி நடுவில் நீளமான இரண்டு கால்களில் ஏதோ நிற்கிறது. நாரை என்றுதான் நினைத்தேன். அடுத்த கட்டத்தில் அது கிட்டே வந்தபோதுதான் இரும்பு என்று தெரிந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது முரளி. அதற்கு நடுவன் என்று பேர் வைத்திருந்தாய். போலீஸும் அவன்தான், கோர்ட்டும் அவன்தான், ஜெயிலும் அவன்தான். மேலேயிருந்து பார்க்கிறான், பார்த்த நொடியில் தீர்ப்பு, தீர்ப்பு சொன்ன நொடியில் தண்டனை. எதிரில் நிற்பவர் வாயைத் திறந்தால், "பார்த்தாகிவிட்டது. பேச என்ன இருக்கிறது?" என்கிறான். நான் அந்தப் பக்கத்தைத் திருப்புவதற்குள் காக்கா ஒரு பாய் கருவாட்டைக் கிளறிப் போட்டுவிட்டது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு அந்தப் பெஞ்சுப் பக்கம் வந்தது. பேச்சே இல்லாத பக்கம். ஒரு பையன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், ஜன்னலில் வெயில் மாறிக்கொண்டே போகிறது, யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. நீ காலேஜ் படித்தபோது பஸ்ஸிலிருந்து உன்னை இறக்கிக் கூட்டிப்போய் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்களே, தேடுகிற யாரோ ஒருத்தன் போல இருக்கிறாய் என்று சொல்லி, அது எனக்கு அப்போது ஒரு வரிச் செய்தியாகத்தான் வந்தது. பொழுது சாய்ந்த பிறகு வீட்டுக்கு வந்தாய். "ஒண்ணும் அடிக்கல்லம்மா, சும்மா குந்த வச்சினு இருந்தாங்க" என்றாய். அடிக்கவில்லையா, நல்லது என்று நானும் சோறு போட்டேன். பெயரைக்கூடக் கேட்காமல் ஒரு பகல் முழுக்க உட்கார வைப்பது என்ன மாதிரி இருக்கும் என்பது இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. அந்தப் பையன் முகத்தை நீ வரையவே இல்லை, முதுகை மட்டும்தான் வரைந்திருந்தாய். எனக்கு அந்த முதுகு தெரியாதா? அழுகையும் வந்தது. என் பிள்ளை இதை எப்படி இப்படிப் போட்டான் என்று ஒரு பெருமையும் கூடவே வந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அப்புறம் எனக்குக் கை கால் ஓடவில்லை. யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும். களத்தில் இருந்த கஸ்தூரியைக் கூப்பிட்டேன், அவள் இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டாள். மறுநாளிலிருந்து மத்தியானம் மீன் திருப்பிப் போட்ட பிறகு நான் படிக்க, அவர்கள் படம் பார்க்க, நம் கருவாட்டுக் களம் சினிமாக் கொட்டகை மாதிரி ஆகிவிட்டது. நடுவன் வருகிற இடத்தில் நான் குரலை இரும்பு மாதிரி ஆக்கிப் படிப்பேன். கஸ்தூரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "யக்கா, இரு இரு, தண்ணி குடிச்சிட்டு வரேன், நான் இல்லாம திருப்பாத" என்று ஓடுவாள். இறால் விற்கிற ஒரு பெண்ணை நடுவன் பிடிக்கிற இடத்தில் ஒருத்தி மண்ணை வாரிப் புத்தகத்தின் மேலேயே போட்டுவிட்டாள். அந்தப் பக்கத்தில் கறை இருக்கிறது, துடைக்கவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன். நடுவன் என்ற பேர் எங்கள் வாயில் ஒட்டிக்கொண்டது. யாராவது மருமகளை அதட்டினால், "வந்துட்டான்டி நடுவன்" என்று சிரிப்போம். ஆம்பளைகளுக்கு ஒன்றும் புரியாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஏரியில் எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடலாம் என்று நமக்கு ஒரு முறை இருக்கிறது. பாடு என்கிறோம். உனக்குத் தெரியும், உன் கூட்டாளிகளுக்காக எழுதுகிறேன். சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒவ்வொரு குழுவுக்கும் இடம் பிரிப்பார்கள். கொஞ்ச நாளாக ஒருத்தர் பாட்டில் இன்னொருத்தர் புகுவது அதிகமாகிவிட்டது. தினம் ஒரு சண்டை. அப்போதுதான் பொன்னேரியில் கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கிற பாபு, நம் கஸ்தூரியின் மருமகன், "எங்கிட்ட ட்ரோன் கீது, காலையில ஒரு ரவுண்டு வுட்டா யார் எங்க கீறாங்கன்னு தெரிஞ்சிடும்" என்றான். பஞ்சாயத்தில் எல்லாருக்கும் பிடித்துப்போனது. அதிகமாகப் பிடித்துப்போனது உன் நைனாவுக்குத்தான். "இனிமே யாரும் பொய் சொல்ல முடியாது. வீடியோவுல மாட்டுனா ஒரு மாசம் ஏரியில கால் வைக்கக் கூடாது, அவ்ளோதான், பேச்சு வார்த்தையே கிடையாது" என்று அவர்தான் விதியையே சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன். உன் புத்தகம் வருவதற்கு முந்தின கதை அது.

மாட்டியது யார் தெரியுமா? ஏகாம்பரம். மாட்டிய இடம் யாருடைய பாடு தெரியுமா? நம்முடையது. நம் வலையின் மேல் போட்டை ஏற்றிக் கிழித்துவிட்டு, "பாத்துப் போடறதுதானே" என்று கேட்டானே, அதே ஏகாம்பரம். அன்றிலிருந்து அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் போகவில்லை, நம் வீட்டுச் சாவுக்கு அவன் வரவில்லை. பாபு போனில் அந்த வீடியோவைக் காட்டியபோது உன் நைனாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நீ ஏழாவது படிக்கும்போது புதுசாகப் பெயின்ட் அடித்த போட்டில் கரியால் பூதம் வரைந்துவைத்தாய், அன்றைக்கு அவர் உன்னை அடிக்க ஓங்கிய கையோடு ஏரிக்குப் போய், கொள்ளை மீனோடு திரும்பி வந்து, "அந்தப் பூதத்த எவனும் அழிக்கக் கூடாது" என்று சொன்னார் இல்லையா, அதே பூரிப்பு. சட்டையை மாற்றிக்கொண்டு, பஞ்சாயத்து கூடுகிற வலைக்கூடத்துக்குக் கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் உள்ளுக்குள் குளுகுளு என்றுதான் இருந்தது. ஏகாம்பரம் தலை குனிவதைப் பார்க்கத்தான் போனேன்.

கூடம் நிறைந்திருந்தது. பொம்பளைகள் வழக்கம்போல வெளியே, வலைக் குவியல் ஓரத்தில். தலைவர் வீடியோவை எல்லாருக்கும் ஒருமுறை காட்டச் சொன்னார். மேலேயிருந்து எடுத்த படம். பச்சையாகத் தண்ணீர், அதில் சின்னதாக ஏகாம்பரத்தின் நீலப் போட்டு, அவன் கையில் வலை. சந்தேகமே இல்லை. ஏகாம்பரம் எழுந்து, "தலைவரே, நான் ஒண்ணு சொல்லிக்கிறேன்" என்றான். தலைவர் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, "அதான் பாத்தாச்சே. பேசறதுக்கு இன்னா கீது?" என்றார்.

முரளி, அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. நான் இரும்புக் குரலில் படித்த அதே வார்த்தை! நீ சென்னையில் ஏதோ ஒரு அறையில் உட்கார்ந்து எழுதிய வசனத்தை, உன் புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத மனுஷர் நம் வலைக்கூடத்தில் நின்று சொல்கிறார். கஸ்தூரி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. "நடுவன் வந்துட்டான்டி!" என்று கத்திவிட்டேன். வெளியே நின்ற பொம்பளைகள் அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள்.

கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உன் நைனா பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னாமே, புத்தி கெட்டுப்போச்சா? யாரு அந்த நடுவன்?" என்றார். "நம்ம முரளி போட்ட புக்குல வராரு. உங்கள மாதிரியேதான் பேசறாரு" என்றேன். சிரிப்பு இன்னும் அதிகமானது. தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "முரளியம்மா, வெளயாட்டு இல்ல இது. உங்க பாட்டுலதான் அவன் வல போட்டுக்கீறான். உங்களுக்காகத்தான் பேசினு கீறோம்" என்றார். உள்ளே போனேன். அந்தக் கூடத்துக்குள் நான் அதுவரை கால் வைத்ததில்லை. "எங்களுக்காகப் பேசறீங்க, சந்தோஷம் தலைவரே. அவன் வாயத் தொறக்க வுட்டா உங்களுக்கு இன்னா நஷ்டம்? ஏன்டா போனேன்னு ஒரு வார்த்த கேளுங்க. கேட்டுட்டு ரெண்டு மாசம்கூட நிறுத்துங்க, நான் வேணாம்னு சொல்லமாட்டேன்" என்றேன். கஸ்தூரி வெளியேயிருந்து, "கேளுங்க, கேளுங்க" என்றாள். அப்புறம் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். பாபுகூட, தன் மாமியாருக்குப் பயந்தோ என்னவோ, "கேட்டுப் பாக்கலாம் தலைவரே" என்றான்.

எனக்கு அப்போது மனசுக்குள் ஒரு கணக்கு. சினிமாவில் வருகிற மாதிரி ஏகாம்பரம் ஏதோ ஒரு நல்ல காரியம் செய்யத்தான் அங்கே போயிருப்பான், எதையோ யாரையோ காப்பாற்றப் போயிருப்பான், சொன்னதும் எல்லாரும் வாயடைத்துப் போவார்கள் என்று நினைத்தேன். அவன் எழுந்து நின்று, "ஆமா. போனேன். வல போட்டேன். இறாலும் புட்ச்சேன்" என்றான். கூடமே இரைந்தது. உன் நைனா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! எனக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது.

ஆனால் ஏகாம்பரம் உட்காரவில்லை. "எனக்கு வுழுந்த பாட்டுல தண்ணி இல்ல. முட்டிக்குக் கீழதான் கீது. முகத்துவாரம் அடச்சிக்கினதிலர்ந்து சேறுதான் ஏறினு கீது. போட்டே நவுரல. இத ரெண்டு தபா இதே கூடத்துல சொன்னேன். உன் வலையில மீனு வுழலன்னா ஏரியே தூந்து போச்சான்னு கேட்டு சிரிச்சீங்க" என்றான். அப்படிக் கேட்டுச் சிரித்தது யார் என்று அவன் சொல்லவில்லை. எல்லாரும் உன் நைனாவைத்தான் பார்த்தார்கள். "ஊட்டுல அடுப்பு எரியணும். போனேன். தப்புதான். தண்டன குடுங்க. ஆனா அந்தச் சேத்த ஒருத்தராச்சும் வந்து பாருங்க."

தலைவர் பாபுவிடம், "ஏம்பா, உன் வீடியோவுல அந்த எடம் கீதா?" என்று கேட்டார். பாபு தேடி எடுத்துக் காட்டினான். ஏகாம்பரத்தின் பாடும் பச்சையாகத்தான் இருந்தது, நம் பாடும் பச்சையாகத்தான் இருந்தது. மேலேயிருந்து பார்த்தால் தண்ணீர் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது, முரளி. ஆழம் தெரியவில்லை. பாபு போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல அது தெரியாதுங்க" என்றான்.

மறுநாள் காலை ஒரு போட்டை எடுத்துக்கொண்டு பார்க்கப் போனார்கள். தலைவர், உன் நைனா, ஏகாம்பரம். உன் நைனாதான் கழியை இறக்கினார். கழி இறங்கவில்லை. இன்னொரு இடத்தில் குத்தினார், அங்கேயும் சேறு. கடைசியில் அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி நடந்திருக்கிறார். முழங்கால்வரை சேற்றோடு வீட்டுக்கு வந்தவர், காலைக்கூடக் கழுவாமல் வாசலில் நின்று, "அவன் சொன்னது நெசம்தான்" என்றார். உன் நைனா வாயிலிருந்து அந்த வார்த்தை வருவதைக் கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டதில்லை. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்துவிட்டார்.

தண்டனை இல்லாமல் போகவில்லை. ஏகாம்பரம் பிடித்த இறாலுக்கு ஈடாக அவனுடைய அடுத்த முறையை நம் குழுவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார்கள். ஒப்புக்கொண்டான். தூர்ந்துபோன இடத்தைச் சீட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். சேறு வாரும்வரை அவன் குழுவும் நம் குழுவும் நம் இடத்தில் மாறி மாறி வலை போட வேண்டும், அதில் அவனுடைய முதல் முறைதான் நமக்கு விட்டுக்கொடுத்தது. இதற்கு உன் நைனா உடனே தலையாட்டவில்லை. ரொம்ப நேரம் இழுத்தார். கடைசியில் சரி என்றார். ட்ரோன் இன்னும் பறக்கிறது. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அது வந்த பிறகு சண்டை குறைந்திருப்பது உண்மைதான். ஆனால் வீடியோ பார்த்த பிறகு அந்த ஆள் பேச வேண்டும், அவர் பேசி முடித்த பிறகுதான் தீர்ப்பு என்று விதியை மாற்றியிருக்கிறார்கள். அதற்கு நம் குப்பத்தில் என்ன பேர் தெரியுமா? முரளி சட்டம். கேலிக்கு வைத்த பேர்தான். தலைவரே இப்போது அப்படித்தான் சொல்கிறார். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து குதிக்க வேண்டும் போல இருக்கிறது.

இனி உனக்குப் புத்தி சொல்கிறேன், பெற்றவள் எழுதுகிற கடிதத்தில் அதுவும் இல்லாமல் எப்படி? ஐதராபாத்துக்குப் போ. வேலையில் சேர். ஓட்டல் சாப்பாட்டையே சாப்பிட்டுக்கொண்டு இருக்காதே, ஒரு குக்கர் வாங்கி வைத்துக்கொள். ஆனால் வரைவதை விடாதே. யார் படிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு இருக்காதே. அது உனக்குத் தெரியவராது. எங்கேயோ ஒரு களத்தில் காக்கா ஓட்டிக்கொண்டே ஒருத்தி படித்துக்கொண்டு இருப்பாள், அவள் உனக்குப் போன் செய்து சொல்லமாட்டாள். நான் உன் அம்மா என்பதால் சொல்கிறேன். இன்னொன்று. நீ பயந்த விஷயத்தை நூறு வருஷம் தள்ளி வைத்து வரைந்தாய். அது நம் பக்கத்தில், நமக்குப் பிடித்தவர்கள் வாயிலேயே இருக்கிறது. என் கைதட்டலிலும் இருந்தது. இரும்பில் மட்டும் தேடாதே.

இதோடு முடிக்கலாம் என்று இருந்தேன், நேற்று ஒன்று நடந்தது. சாயங்காலம் ஏகாம்பரம் நம் வீட்டுக்கு வந்தான். எத்தனை வருஷத்துக்குப் பிறகு! படியேறவில்லை, கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "முரளியம்மா, அந்த புக்கக் காட்டுங்க" என்றான். அவனுக்குப் படிக்க வராது. உன் நைனா நாற்காலியை எடுத்துப் போட்டார், பேசவில்லை, ஆனால் எடுத்துப் போட்டார். நான் மொத்தத்தையும் படித்துக் காட்டினேன். ஏகாம்பரம் ஒவ்வொரு படமாக விரல் வைத்துப் பார்த்தான். இறால் விற்கிற பெண், பெஞ்சுப் பையன், ஆள் மாறாட்டத்தில் மாட்டிய கிழவர், எல்லாரையும் பார்த்தான். முடிந்ததும் கேட்டான்: "அந்த இரும்பாளு கையில மாட்றவங்க எல்லாருமே நல்லவங்களா கீறாங்களே. ஒருத்தரும் ஒண்ணும் பண்ணல. என்ன மாதிரி யாரும் இல்லியா?"

நான் யோசித்துப் பார்த்தேன். இல்லை. உன் கதையில் அப்படி ஒருத்தர்கூட இல்லை, முரளி. இல்லப்பா என்றேன்.

அவன் எழுந்து, புத்தகத்தை இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தான். "அடுத்த புக்குல என்னப் போடச் சொல்லுங்க. தப்பு பண்ணவன்னே போடட்டும், மாத்த வேணாம். பேச மட்டும் வுடச் சொல்லுங்க" என்றான்.

சொல்லிவிட்டேன். இனி உன் பாடு.

அம்மா